கோயிலில் வாசித்த பேப்பர் துண்டு

பெப்ரவரி 9, ஞாயிறு

பத்து மணி வரை பனிமூட்டம். எதிர் மலை தெரியவில்லை.

இந்தக் கொப்பியைப் பிற்பாடு திறந்தால் நானே முகம் சுளிக்கக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எழுத்து கோணல். கோட்டுக்கு மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. எழுபத்தொரு வயது விரல். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் நாற்பது வருடம் கொழுந்து வாரிய கை பேனையை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறது. ‘ழ’ மட்டும் நன்றாக வருகிறது. மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று பெரிய நாள். சிஸ்டரின் முதியோர் எழுத்து வகுப்பு முடிந்து ஒரு மாதம். பூசைக்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். அவர் இன்று அறிவித்தல்களை என்னை வாசிக்கச் சொன்னார். வாசக மேடையில் ஏறினேன். 

வாசித்தவை: புதன் செபமாலை. கல்லறைத் தோட்டம் புல் வெட்டுதல். தண்ணீர்ப் பீலியில் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது.

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

இறங்கப் போனேன். கீழ் லயத்து வீட்டு டெய்சி எழுந்து வந்து ஞாயிறு பேப்பரை நீட்டினாள். “மாமா, இதையும் வாசிச்சிருங்க. நம்ம புள்ளைங்க மாதிரி புள்ளைங்களப் பத்திப் போட்டிருக்காம்.” செபம் முடிந்துவிட்டது, ஆனால் ஆட்கள் கலையவில்லை. உபதேசியார் மெழுகுதிரி அணைத்துக்கொண்டிருந்தார். நான் மேடையிலேயே நின்று வாசித்தேன். தலைப்பு: ஓட்டிசத்துக்கு விடிவு, நாற்பதே நாளில் பேச்சு. மொனராகலைப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையம். சொட்டு மருந்து. பேசாத பிள்ளைகள் பேசுகிறார்களாம். ஒரு பக்கம் முழுவதும் வாசித்தேன்.

கோயில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. என் மகள் ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெளியே வந்ததும் ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கை வலிக்கிறது. இனி ஸ்டெல்லா என்பதை ஸ்டெ. என்று எழுதுவேன். சிஸ்டர் அப்படிச் சுருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பெப். 10, திங்கள்

வெயில். போர்வை காயப் போட்டேன். ஸ்டெ. கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். ரோசி என்னோடு.

ரோசியைப் பற்றி எழுதி வைக்கிறேன். ஸ்டெ.யின் ஒரே மகள். ஆறு வயது. பேச்சு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது எப்போதாவது. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போவாள். பதுளை ஆஸ்பத்திரியில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். மூன்று மாதமாக புதன்கிழமைகளில் அங்கே பேச்சுப் பயிற்சி. அங்கே உள்ள மிஸ் சின்னச் சின்னப் பட அட்டைகள் கொடுத்திருக்கிறார். தண்ணி, ரொட்டி, வெளியே, போதும். வேண்டியதை ரோசி எடுத்து நம் கையில் தர வேண்டும். இன்று ‘தண்ணி’ நான்கு தடவை தந்தாள். இரண்டு தடவை அட்டையைக் கடித்தாள்.

மாலை ஸ்டெ. வந்தாள். கூடையை இறக்கும் முன்னே பேச்சு.

“அப்பா, பேப்பர்ல இருந்த அந்த நம்பருக்குப் பேசிட்டேன். ரொம்ப மரியாதையாப் பேசுறாங்க. இருபத்துநாலாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. டெய்சி அக்காவும் நானும் சேந்து வேன் புடிக்கிறோம்.”

“ஆஸ்பத்திரி?”

“அதை நிப்பாட்டணுமாம். ரெண்டையும் கலக்கக் கூடாதாம்.”

சரி என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பெப். 12, புதன்

பசறையிலிருந்து பதுளைக்கு பஸ். ஹோன் அடிக்கும்போதெல்லாம் ரோசி என் சட்டைக்குள் தலையை விட்டாள். பக்கத்து சீட் அம்மா: “புள்ளைக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க.” 

கடைசி முறை என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். பேப்பரை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், காட்டுவதற்கு. பெருமை.

மிஸ் வாசித்தார். மறுபடி வாசித்தார். சிரிப்பு போய்விட்டது.

“இதுல யார் யார் பேசியிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க தாத்தா.”

எண்ணினேன். நிலையத்துக்காரர். ஒரு தாய், பேரும் இல்லை, ஊரும் இல்லை. அவ்வளவுதான்.

“வேற ஒரு டொக்டர்கிட்ட கேட்டிருக்காங்களா?”

இல்லை.

“மருந்து குடிச்ச புள்ளைங்களையும் குடிக்காத புள்ளைங்களையும் சேத்து வச்சிப் பாத்ததா ஏதாவது இருக்கா?”

விரலை வைத்துத் தேடினேன். இல்லை.

“கடைசி வரி?”

போன் நம்பர்.

“செய்திக்கு எதுக்கு தாத்தா போன் நம்பர்?”

பேப்பரைத் திரும்ப மடித்தேன்.

பிறகு மிஸ் மெதுவாகச் சொன்னார். ஓட்டிசம் மருந்து குடித்துப் போகிற நோய் இல்லை. அவள் மூளை அப்படி அமைந்திருக்கிறது. கற்றுக் கொடுக்கலாம், சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப. அது உதவுகிறதென்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாற்பது நாள் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வரும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

“அந்த சொட்டு மருந்து, மிஸ்?”

“அது என்னன்னு எனக்குத் தெரியாது. இதே மாதிரி சொல்லி வெளிநாட்டுல வித்த சிலது துணி வெளுக்குற மருந்து. தொண்டை வெந்துரும். இவங்க விக்கிறதுல என்ன இருக்குன்னு இந்தப் பேப்பர்லயும் போடல. அதுதான் எனக்குப் பயம்.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை.  டெய்சி கொடுத்தாள், நான் வாசித்தேன். மேடையில் நின்று வாசித்தேன்.

பெப். 13, வியாழன்

மழை இல்லை. காற்று. தகரம் ஒன்று கழன்று அடிக்கிறது, கல் வைக்க வேண்டும்.

ஸ்டெ.யிடம் எல்லாம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

“பேப்பர்ல பொய் போடுவாங்களாப்பா?”

“பொய்யின்னு இல்ல புள்ள. ஒரு பக்கம் மட்டும் கேட்டுப் போட்டிருக்காங்க.”

“நீங்கதானே கோயில்ல நின்னு வாசிச்சீங்க. சாமி முன்னால.”

 எங்கள் ஆட்களுக்கு அந்த மேடையிலிருந்து வருவது பொய்யாக இருக்காது. திருமண அறிவிப்பும் மரண அறிவிப்பும் அங்கிருந்துதான் வரும். பேப்பரில் வந்தால் பாதி உண்மை, மேடையில் வாசித்தால் முழு உண்மை. நான் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

டெய்சி வீட்டுக்கும் போனேன். அவள் மகன் ஜெரோம், ஐந்து வயது, வாசலில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். டெய்சியின் புருசன் சிரித்தான். “என்ன மாமா, ஞாயித்துக்கிழமை ஒரு வாசகம், வியாழக்கிழமை ஒரு வாசகமா?”

உபதேசியாரிடம் போனேன். மேடை ஏறி, நான் வாசித்தது தப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

“அண்ணே, அச்சுல வந்ததை வாயால மறுத்தா யாரு கேப்பா? வயசாயிருச்சு, மாத்தி மாத்திப் பேசுறாருன்னு சொல்லுவாங்க. பேப்பரே சொல்லட்டும். எழுதிப் போடுங்க.”

யாருக்கு எழுதுவது. நான் இதுவரை எழுதியது அறிவித்தல், கடைச் சாமான் பட்டியல், இந்தக் கொப்பி. கடிதம் எழுதினதே இல்லை.

பெப். 15, சனி

இரண்டு நாளாகக் கடிதம். கிழித்தது ஐந்து தாள். ரோசி கிழித்தது ஒன்று.

கடைசியாக வந்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன், மறந்துவிடாமல் இருக்க:

‘மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு. நான் போன வருடம்தான் வாசிக்கக் கற்றேன். அதனால் அச்சில் இருப்பதெல்லாம் விசாரித்துப் போட்டது என்று நினைத்தேன். உங்கள் பேப்பரில் ஓட்டிசம் பற்றி வந்ததைக் கோயிலில் சத்தமாக வாசித்தேன். அதைக் கேட்டு இரண்டு தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 24ஆம் தேதி போகிறார்கள். ஒரு பிள்ளை என் பேத்தி. அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்களா. பிள்ளைகளுக்கான டொக்டர் யாரிடமாவது கேட்டீர்களா. கேட்டிருந்தால் அதையும் போடுங்கள். கேட்கவில்லை என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். 24க்கு முன்னால் போடுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள்.’

உபதேசியார் இரண்டு பிழை திருத்தினார். தன் போனில் படம் எடுத்து, பேப்பர் ஆசிரியர் அலுவலகத்தின் நம்பருக்கு அனுப்பினார். நீலக் குறி விழுந்தால் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். விழவில்லை.

கடிதம் முடிந்ததில் கொஞ்சம் சந்தோசமும் வந்தது. என் கையால் ஒரு முழுத் தாள். வந்த உடனே பயமும் வந்துவிட்டது.

பெப். 16, ஞாயிறு

கோயில். அறிவித்தலை உபதேசியாரே வாசித்தார். நான் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நீலக் குறி இல்லை.

பெப். 18, செவ்வாய்

காலையில் மூக்கடைப்பு. கொத்தமல்லித் தண்ணி.

பதினொரு மணிக்கு உபதேசியார் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பேப்பரிலிருந்து. இளம் குரல். “ஐயா, உங்க கடிதம் பார்த்தோம். எழுபத்தொரு வயசுல படிச்சிருக்கீங்க, அருமையான விசயம். அதை ஒரு கதையாப் போடலாம்னு இருக்கோம்.”

“என்னைப் பத்தி வேணாம் தம்பி. மருந்தைப் பத்திப் போடுங்க.”

“அதுவும் வரும். பேத்தி படம் ஒண்ணு அனுப்ப முடியுமா? அழுற மாதிரி இருந்தா நல்லது.”

“அவ அழுதுகிட்டே இருக்கிற புள்ள இல்ல. இப்ப பஸ் டிக்கெட்டுத் துண்டை வச்சிக்கிட்டு விளையாடுறா.”

“வாசகர் மனசைத் தொடணும் ஐயா. ‘பேசாத மலரு’ அந்த மாதிரி.”

“அவளை அப்படி எழுதாதீங்க. பதுளை ஆஸ்பத்திரியில கேளுங்க, என்ன செய்றாங்க, எது சோதிச்சுப் பாத்தது, எது பாக்காததுன்னு. அதைப் போடுங்க.”

“அது சுவாரசியமா இருக்காதே ஐயா.”

“போன வாரம் சுவாரசியமாத்தான் போட்டீங்க. அதனாலதான் தம்பி வேன் புடிச்சிருக்காங்க.”

 பிறகு, பார்க்கிறேன் என்றார். வைத்துவிட்டார். உபதேசியார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசிவிட்டேனோ. இனிப் போடாமலே விட்டுவிடுவார்களோ. என் வாயே கெடுத்துவிட்டதோ.

பெப். 19, புதன்

பயிற்சிக்குப் போக ஸ்டெ. விடவில்லை. மிஸ்ஸுக்கு போன். பேப்பரிலிருந்து அவரிடமும் பேசினார்களாம். தான் பேச மேலிடத்தில் அனுமதி வேண்டும், கேட்டிருக்கிறாராம், பெரிய டொக்டருக்கும் பேச விருப்பமாம். அனுமதி எப்போது வரும் என்று தெரியாது.

“தாத்தா, மகளோட சண்டை போடாதீங்க. அவங்க கெட்டது செய்ய நினைக்கல.”

பெப். 20, வியாழன்



அரிசி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஒரு போத்தல். டெய்சியின் புருசன் ஏற்கெனவே மொனராகலைக்குப் போய் இரண்டு பேருக்கும் வாங்கி வந்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை.

வெளிச்சத்தில் வைத்து வாசித்தேன். ஒரு சூரியன் படம். ‘மலர்ச்சி’. காலை மூன்று சொட்டு. என்ன மருந்து என்று இல்லை. யார் செய்தது என்று இல்லை. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். எங்கும் இல்லை. எழுத்து தெரியாத காலத்தில் என்றால் சூரியனைப் பார்த்து நல்லது என்று நினைத்திருப்பேன்.

மூடியைத் திறந்தேன். ஸ்டோரில் தரை கழுவ ஊற்றுவோமே, அந்த வாசம். கண் எரிந்தது. அதே பொருள்தானா, எனக்குத் தெரியாது. வாசம் மட்டும் தெரியும்.

கொட்டிவிடலாம் என்று குசினி அடுப்படி வரை போனேன். நின்றேன். ஸ்டெ. பெற்ற தாய். கொட்டினால் இன்னொன்று வாங்குவாள், அதை நான் பார்க்காத இடத்தில் வைப்பாள். திரும்ப அரிசிக்குள் வைத்தேன். 

ஸ்டெ. வந்ததும் கேட்டேன்.

“இன்னும் குடுக்கலப்பா. திங்கக்கிழமை போய் அளவு கேட்டுட்டுத்தான் குடுக்கணுமாம்.”

“மோந்து பாத்தியா?”

“மருந்துன்னா நாறத்தான் செய்யும்.”

“அட்டையில தண்ணி கேக்குறாளே புள்ள. முன்ன அதுவும் இல்லையே.”

அவள் சாக்கைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

“நீங்க எழுவது வயசுல படிச்சீங்க. எல்லாரும் கை குடுத்தாங்க. எம் மக என்னை அம்மான்னு எப்பப்பா கூப்பிடுவா? அந்த மிஸ் தேதி சொல்லுவாங்களா? இவங்க சொல்றாங்கள்ல.”

தேதி. அதுதான். பொய்க்காரனிடம் தேதி இருக்கிறது. உண்மை பேசுகிறவரிடம் இல்லை.

பெப். 22, சனி

தகரத்துக்குக் கல் வைத்தேன். ஐந்து கல்.

ரோசி ‘வெளியே’ அட்டையைத் தந்தாள். பீலி வரை கூட்டிப் போனேன். தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம். நான் போத்தலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தொண்டை எவ்வளவு சின்னது. என் சுண்டுவிரல் பருமன் இருக்குமா.

நாளை பேப்பர். வருமோ வராதோ.

பெப். 23, ஞாயிறு

பேப்பர் வாங்கக் கடைக்கு நடந்தே போனேன். பனியில் பாதை தெரியவில்லை. கடை வாசலிலேயே பிரித்தேன். முதல் பக்கம் இல்லை. மூன்று இல்லை. ஐந்து இல்லை. கடைக்காரர், “என்ன தாத்தா, மரண அறிவித்தலா தேடுறீங்க?”

பதினான்காம் பக்கம். ராசிபலனுக்குக் கீழே. என் உள்ளங்கையால் மறைத்துவிடலாம், அவ்வளவுதான் இடம். ஆனால் இருந்தது. கடையிலேயே நின்று மூன்று முறை வாசித்தேன். ஒன்பதாம் தேதி வந்த கட்டுரை நிலையத்தினர் கூறியதை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அந்த மருந்துக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. உள்ளடக்கம் தெரியாத மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பயிற்சிகளை நிறுத்த வேண்டாம் என்று பதுளை டொக்டர் கூறுகிறார். தவறுக்கு வருந்துகிறோம்.

ஆஸ்பத்திரிக்கு அனுமதி வந்திருக்கிறது. போனில் பேசிய அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். அவர் பேர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கோயில். உபதேசியார் பேப்பரைப் பார்த்தார், மேடையைக் கைகாட்டினார். ஏறினேன்.  முதலில் பேப்பரில் இல்லாததைச் சொன்னேன். “ஒன்பதாம் தேதி இங்க நின்னு வாசிச்சது நான். விசாரிக்காம வாசிச்சேன். அது என் தப்பு. சாமி வாக்கு இல்ல அது, மருந்து விக்கிற ஒருத்தர் வாக்கு.” பிறகு வாசித்தேன். எழுத்து சின்னது, இரண்டு இடத்தில் தடுக்கியது.

பேப்பரை மடித்தேன். 

டெய்சியின் புருசன் பின்னாலிருந்து: “அன்னைக்கு ஒரு பக்கம் போட்டாங்க. இன்னைக்கு ஒரு மூலையில போடுறாங்க. எதை மாமா நம்புறது? பெரிசையா, சின்னதையா?”

சிலர் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் சொன்னேன், “பெரிசுல அது என்ன மருந்துன்னே இல்லப்பா. நீ வாங்கின போத்தல்லயும் இல்ல. போய்ப் பாரு.” சிரிப்பு நின்றது. ஆனால் அவன் எழுந்து வெளியே போனான். டெய்சியும் ஜெரோமைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஸ்டெ. எங்கே என்று தேடினேன். வாங்கில் இல்லை. நான் வாசிக்க ஆரம்பித்ததுமே போய்விட்டாளாம்.

வீட்டில் ஸ்டெ. ரோசியின் நல்ல கவுனை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பெப். 24, திங்கள்

விடியலில் ஹோன். ரோசி மேசைக்கு அடியில். வேன் லயத்து முடிவில் நின்றது. நான் வாசல் ஸ்தோப்பில் நின்றேன்.  ஸ்டெ. பையோடு வெளியே வந்தாள். ரோசியைக் கூட்டி வரவில்லை. வேன் கதவு வரை போனாள். டெய்சியோடு ஏதோ பேசினாள். டெய்சி தலையை ஆட்டினாள், இல்லை என்பது போல. ஜெரோம் அவள் மடியில், ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டு.

வேன் போனது. ஸ்டெ. நின்றாள். திரும்பி வந்து, பையிலிருந்து போத்தலை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நீங்களே வச்சிக்கங்கப்பா. கொட்ட மனசு வரல. குடுக்கவும் மனசு வரல.”

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்திவிட்டாள், கணக்கப்பிள்ளை ஏசியிருப்பார்.

போத்தல் இப்போது என் டிரங்குப் பெட்டியில், பூட்டில். புதன் மிஸ்ஸிடம் கொண்டுபோய், இதில் என்ன இருக்கிறது என்று எங்கே பார்க்கலாம் எனக் கேட்பேன். ஸ்டெ.யும் வருகிறேன் என்றாள். எங்கள் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை.

டெய்சியின் போனுக்கு உபதேசியார் இரண்டு தடவை கோல் எடுத்தார். பதில் இல்லை. பின்னேரம் வேன் திரும்பி வந்த சத்தம் கேட்டது. கீழ் லயத்துக்கு இறங்கிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். “புள்ள தூங்குறான் மாமா, நாளைக்கு வாங்க” என்று டெய்சியின் குரல். அழுத குரலா, களைத்த குரலா, தெரியவில்லை. சொட்டு கொடுத்தார்களா என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். பதில் வரவில்லை.

நாளைக்கும் போவேன். அதற்கு அடுத்த நாளும். ஜெரோம், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு வந்தானா, வழக்கம்போல் சோறு விழுங்கினானா என்று அங்கே உள்ள ஆயாவிடம் கேட்டு அடுத்த வாரம் இதில் எழுதுவேன்.